வேலாயுதம் மூன்று ஸ்டிக்கர் வேண்டிப் போர்புரிந்த காதை

வாழ்க வேலாயுதம். ஹனூர் மண் ஈன்றெடுத்த ஏந்தல் வாழ்க. மைசூரு மாநகரின் ஹெப்பாள் தொழிற்பேட்டையிலே, பாட்டில் மூடி செய்யும் ஆலையொன்றின் பேக்கிங் பிரிவைப் பதினொரு ஆண்டுகளாகத் தன் இரு தோள்களிலும், தோள் வலித்த நாட்களில் பிறர் தோள்களிலும் சுமந்துநின்ற சூப்பர்வைசர் வாழ்க. பெயரிலே வேலேந்தி, கையிலே வெங்காயம் நறுக்கும் கத்தியைக்கூட ஏந்தாத கோமான் வாழ்க. கொடுத்த வாக்கை ஒருநாளும் மீறாதவன், கொடுத்தோமா என்பதை மட்டும் மறந்துவிடுகிறவன், அவன் நெடிது வாழ்க.

சாமுண்டி மலைமேல் நின்று நகர்காக்கும் தாயே, மகிஷனை மாய்த்த கையோடு இந்தச் சின்ன விஷயத்தையும் ஒருபார்வை பார்த்துக்கொள். காதையைச் சொல்லி முடிக்கும்வரை எனக்குச் சிரிப்பு வராமல் காப்பாற்று. பாதியில் சிரித்துவிட்டால் காவியம் கெட்டுப்போகும்.

போர் மூண்ட காரணம் இது. மூடியின் சூட்சுமம் பகைவர் கைக்குப் போய்விட்டால் தம் குலமே விளங்காது என்று அஞ்சிய ஆலை முதலாளி, உள்ளே நுழையும் ஒவ்வொரு செல்போனின் கேமராவையும், கண்ணுக்கு ஒன்றாகச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி மூடும்படி ஆணையிட்டிருந்தார். அவ்வாணையின் காவல்தெய்வம் கௌரம்மா. நீலச்சேலைமேல் காக்கிச்சட்டை பூண்டு, பொட்டளவு ஸ்டிக்கர்கள் நிறைந்த சுருளை இடக்கையில் சக்கராயுதமெனத் தாங்கி, காலை எட்டுமணிக்கு அவள் வாசல் நாற்காலியில் வீற்றிருந்தாளெனில், மிஷின் ஓட்டுகிறவனும் மேனேஜரும் அவள்முன் ஒரே வரிசையில்தான் நின்றாக வேண்டும். முன்பக்கக் கண் எல்லாப் போனுக்கும் ஒன்றே ஆதலால் அதற்கு மதிப்பில்லை. முதுகுப்பக்கம் எத்தனை கண் என்பதைத் தொட்டுத்தொட்டு எண்ணி, ஊரறியக் கன்னடத்தில் உரக்கச் சொல்லி ஒட்டுவாள். ஒந்து என்றால் ஒன்று, எரடு என்றால் இரண்டு, மூரு என்றால் மூன்று. சம்பளச்சீட்டில் எழுதாத சாதிப்பிரிவு ஒன்று அந்த வாசலில் இப்படித்தான் உண்டாயிற்று.

ஆடி மாதத்து ஒரு காலைப்பொழுதிலே, வேலாயுதத்தின் கீழ் வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதமான மஞ்சுநாத், பை ஒன்றிலிருந்து புதுப்போன் ஒன்றை எடுத்து நீட்டினான். கௌரம்மாவின் குரல் வாசலெங்கும் முழங்கிற்று: "ஒந்து, எரடு, மூரு." வரிசை திரும்பிப் பார்த்தது. அடுத்து நின்றவன் நம் தலைவன். அவன் போனைப் புரட்டிய கௌரம்மா, "ஒந்து. முந்தே ஹோகி," என்றாள். ஒன்றுதான், முன்னே போங்கள் என்று பொருள். வாசகரே, முன்னே போகச் சொன்னாளே தவிர அவள் வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் மானமுள்ளவனுக்கு அதுவே போதும். அன்று மதியம் அவன் சாம்பார் சாதத்தைப் பாதியில் மூடிவைத்தான்.

அக்கணமே சபதம் பூண்டான். எட்டுமணி நேரம் இறுக மூடிவைக்கப்படுவதற்காகவே மூன்றாம் கண்ணொன்றை விலைகொடுத்து வாங்குவது என்று முடிவாயிற்று. சிரிக்காதீர்கள். மூன்று ஸ்டிக்கர் ஒட்டப்பட்டவனாகத் தானும் அந்த வாசலை ஒருநாளாவது கடந்தாலன்றி அவனுக்கு உண்ட சோறு செரிக்காது.

சந்தையிலே அப்போது மின்னா என்னும் குலத்தில் தோன்றிய உடன்பிறப்புகள் இருவர் பேர்பெற்று விளங்கினர். இளையவன் மின்னா ஒன்பது, இருகண்ணன், எளிய விலையன். மூத்தவன் மின்னா ஒன்பது ப்ரோ, முக்கண்ணன், இளையவனைப்போல் இருமடங்கு விலையன். இருவருக்கும் ஒரே உயரம், ஒரே எடை, ஒரே பேட்டரி. மூத்தவனின் பெட்டி மட்டும் கறுப்பு. இவ்விருவரின் பலாபலன்களை அறியவேண்டி நம் தலைவன் நாற்பது நாள் தவமிருந்தான். பஸ்ஸிலும், பல்துலக்கும்போதும், மாமியார் பேசிக்கொண்டிருக்கும்போதும், போன்களைப் பிரித்துக்காட்டும் இளைஞர்களின் வீடியோக்களை இமைகொட்டாது நோக்கினான். ப்ராசசர் என்றான், ரெஃப்ரெஷ் ரேட் என்றான். என்னவென்று கேட்டால் அவனுக்கே தெரியாது, கேட்கத்தான் ஆளில்லை.

இனி, இப்போரின் உண்மையான எதிர்த்தரப்பைச் சொல்வேன். அவள் சொர்ணலதா, அவன் மனையாள், ஆரி வேலைக்காரி. அக்ரஹாரத்துச் சந்தொன்றில் ஒண்டுக்குடித்தனத்தின் முன்னறையிலே, மரச்சட்டத்தில் துணியை முரசெனப் பூட்டி, கொக்கி ஊசியால் ரவிக்கைக் கழுத்துகளில் மயிலும் மாங்காயும் விளைவிப்பவள். நூலைப் படமெடுத்து அனுப்பிக் கலர் கேட்டு, சரியென்று பதில் வந்தபின் ஊசியெடுப்பது அவள் தொழில்முறை. அங்கேதான் வினை. அவ்வீட்டின் சட்டப்படி புதுப்போன் கணவனுக்கு, அவன் கழித்துப்போட்டது மனைவிக்கு. ஆதலின் அவள் கையிலிருந்தது, அவன் இருமுறை கீழேபோட்டு, ஒருமுறை ஸ்கூட்டர் ஏற்றி, லென்ஸ் முழுவதும் கீறல்விழுந்து பனிமூடிய தாத்தாக் காலத்துப் பண்டம். அதில் அரக்கு நிறத்தை எடுத்து அனுப்பினால் கத்தரிப்பூவாகப் போய்ச்சேரும். அப்படித்தான் ஸரஸா மாமியின் ரவிக்கை திரும்பிவந்தது. அதன்பின் இன்னும் இரண்டு திரும்பிவந்தன. போட்ட தையலையெல்லாம் தானே பிரித்த நாளில் அவள் அழுதாள் என்பதையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஐப்பசிக் கல்யாணத்துக்கென்று அபூர்வா என்னும் மணப்பெண்ணுக்குப் பதினொரு ரவிக்கைகள் வந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் நூல்படம் அனுப்பவேண்டும், ஒன்று தப்பினாலும் அத்தனையும் வேறொருத்தி வீட்டுக்குப் போய்விடும், போனால் அக்ரஹாரத்தில் அவள் பேரும் கூடப்போய்விடும். ஆதலால் அவள் கணவனிடம் விண்ணப்பித்தாள்.

"ஏனுங்க, அந்தப் பெருசு ஒண்ணு வாங்கற காசுக்குச் சின்னதுல ரெண்டு வருதாமுங்க. ஆளுக்கொண்ணு எடுத்துக்கலாங்களா? கல்யாண ஆர்டருங்க. இந்தப் போனுல கலர் காட்டி எத்தனை தடவைதான் வாங்கிக் கட்டிக்கறது?"

இதைவிட நேர்மையான சமாதானத் தூதை எவரும் அனுப்பியிருக்க முடியாது. இரண்டு இளையவர், நான்கு கண்கள், வீட்டில் நிம்மதி. ஆனால் வேலாயுதத்தின் செவியில் விழுந்ததோ, இருகண்ணன் என்ற ஒரு சொல்தான். இரண்டு ஸ்டிக்கரா? மஞ்சுநாத்துக்கு ஒன்று குறைவாகவா? "கடையில போய்ப் பாத்துக்கலாம் புள்ள," என்று மட்டும் சொல்லி, உள்ளே படைதிரட்டினான்.

தசரா தள்ளுபடி கொட்டிமுழங்க, தேவராஜ அரசு சாலையிலே கூட்டம் தோளோடு தோள் இடிபட, ஆயுதபூஜைக்கு முந்தின நாள் தம்பதியர் செல்போன் கடையொன்றுள் புகுந்தனர். கண்ணாடி மேடையின்மேல் அண்ணன் தம்பி இருவரும் அருகருகே மல்லாந்துகிடந்தனர். விற்பனைப் பெண் சோனியா, கமிஷனைவிட உண்மையை அதிகம் மதிக்கும் அபூர்வப் பிறவி, விளக்கினாள்.

"சார், ரெண்டுலயும் ஃபோட்டோ ஒரே மாதிரிதான் வரும். மூணாவது கேமரா ரொம்பக் கிட்ட எடுக்க மட்டும்தான். எறும்பு, பூச்சி அந்த மாதிரி."

தலைவன் திகைத்தான். எறும்பைப் படமெடுக்கவா நாற்பது நாள் தவம்? சொர்ணலதா இளையவனைக் கையில் எடுத்துவிட்டாள், இரண்டு பில் போடச்சொல்ல வாயையும் திறந்துவிட்டாள். தோல்வி தொண்டைவரை வந்த அந்த நொடியிலே, வேலாயுதத்தின் நாவில் பொய்த்தெய்வம் குடியேறிற்று. கைகளை அகல விரித்து, கடை முழுதும் கேட்க அறைகூவினான்.

"எறும்போட மீசையே தெரியும்னா, உன் ஊசிக்குத்து தெரியாதா புள்ள? எனக்கென்னத்துக்கு மூணு கண்ணு? அந்த மூணாவது கண்ணு உன் தொழிலுக்குத்தான். நூலு கலரு நூலு கலராவே போகும்."

சொர்ணலதா இளையவனை மெல்லக் கீழே வைத்தாள். கணவனின் முகத்தை ஒருகணம் பார்த்தாள். பதினான்கு ஆண்டு இல்லறத்தில் அந்த முகத்தை அவள் ஊசிக்கண்ணைப்போல் அறிந்திருந்தாள்.

"என் தொழிலுக்குத்தானுங்களே?"

"உன் தொழிலுக்கேதான். சாமுண்டி மேல ஆணை."

"அப்பச் சரிங்க," என்றாள்.

வென்றேன் என்று நினைத்தான். வென்ற வெறியில் பில்லையும் அவள் பேரிலேயே போடச்சொன்னான். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் விலை குறையுமென்று சோனியா சொல்ல, அடுத்து மனைவிக்குப் போகவேண்டிய தன் ஒற்றைக்கண் போனையும், இருந்த ஒரே வேட்டியை வெளுக்கப் போடுகிறவன்போல, சிம்மை உருவிக்கொண்டு அங்கேயே கழற்றிக்கொடுத்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் காதில் ஒரே ஒலிதான் கேட்டது. ஒந்து, எரடு, மூரு.

மறுநாள் ஆயுதபூஜை. வாசலில் ஸ்கூட்டர் மாலைபூண்டு நின்றது. முன்னறையில் ஒரு புறம் அவன் ஸ்கூட்டர் சாவி, திருப்புளி, டேப்பு, மறுபுறம் தையல் மெஷின், மரச்சட்டம், கொக்கி ஊசிகள், கத்திரி. பெட்டி பிரிக்காத பெருமையோடு வேலாயுதம் முக்கண்ணனை ஏந்திவந்தான். எங்கே வைப்பது?

"தொழில் சாமானெல்லாம் இந்தப் பக்கமுங்க," என்றாள் சொர்ணலதா, திரியை நிமிண்டிக்கொண்டே.

நேற்றுச் சாமுண்டிமேல் ஆணையிட்டவன் இன்று சாவிப்பக்கம் வைக்க முடியுமா? சட்டத்துக்கும் கத்திரிக்கும் நடுவே தன் கையாலேயே வைத்தான், தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் இட்டான். அவர்கள் வீட்டில் ஒரு நியமம் உண்டு. பூஜைக்கு வைத்த ஆயுதத்தை விஜயதசமி காலையில் அதைக்கொண்டு தொழில்செய்கிறவரே கையிலெடுக்க வேண்டும், வேறொருவர் தொட்டால் அந்த வருஷம் தொழில் படுத்துவிடும். இந்நியமத்தைக் கண்ணுங்கருத்துமாகக் காத்துவந்தவனும் நம் தலைவனே. போன வருஷம் ஸ்கூட்டர் சாவியை அவள் எடுத்து ஆணியில் மாட்டியதற்கு அரைநாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தவன் அவன்தான். தன் வாயால் சொன்னதும் தன் கையால் வைத்ததும் கூடி ஒரு பொறியாக மூடுவதை, கற்பூரம் அணையும்போதுதான் கண்டுகொண்டான். கண்டு என்ன பயன்.

விஜயதசமியன்று நகரமே அம்பாரி யானையைப் பார்க்க அரண்மனைப் பக்கம் திரண்டோட, அக்ரஹாரத்துச் சந்து ஆளற்றுக்கிடக்க, முன்னறையிலே சொர்ணலதா குளித்து, பொட்டிட்டு, கொக்கி ஊசியைத் தொட்டுக் கும்பிட்டாள், கத்திரியைத் தொட்டுக் கும்பிட்டாள், பிறகு முக்கண்ணனைத் தொட்டுக் கும்பிட்டு எடுத்து, பெட்டி பிரித்து, தன் சிம்மைப் போட்டு, தன் கட்டைவிரலைப் பதிவுசெய்து, அரக்கு நூற்கண்டின்மேல் மூன்றாம் கண்ணைத் திறந்தாள். அரக்கு அரக்காகவே தெரிந்தது. ஒவ்வொரு இழையும் கயிறுபோல் தெரிந்தது. அனுப்பிய ஐந்தாம் நிமிடத்தில் அபூர்வாவின் பதில் வந்தது: "இதேதான். ஆரம்பிச்சுடுங்கோ." சொர்ணலதா கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டாள். பொய்யென்று எண்ணிச் சொன்ன வாக்கு மெய்யாகிவிட்டதைக் கதவோரம் நின்று பார்த்த வேலாயுதம், ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"நீங்கதானுங்க சொன்னீங்க," என்றாள் அவள், கோபமில்லாமல். "உங்க சிம்மை என்ற பழைய போனுல போட்டு வெச்சிருக்கறனுங்க. சார்ஜும் ஏத்தியாச்சு."

எனக்கும் அவன்மேல் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது, ரொம்ப இல்லை. எட்டுமணி நேரம் மூடிக்கிடக்க இருந்த கண் அது, இப்போது விழித்திருக்கிறது, அவ்வளவுதானே.

மறுநாட்காலை, சூரியன் ஹெப்பாள் புகைபோக்கிகளுக்குமேல் செந்தீயென எழுந்த வேளையிலே, மாமரம் ஒடிந்தாலும் மானம் ஒடியலாகாதென்று மீசையை நீவி, நெஞ்சை நிமிர்த்தி, முன்னே மஞ்சுநாத்தும் பின்னே பேக்கிங் பிரிவு முழுவதும் நிற்க, ஒந்து எரடு மூரு என்னும் முழக்கம் முன்னால் நின்றவன்மேல் பொழிந்து ஓய்ந்தபின், போனால் போகிறது, தனக்கும் பழையபடி ஒன்றாவது விழும், அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்த தசராவரை வாழ்ந்துவிடலாம் என்று தேறிய மனத்தோடு, பத்தொன்பது கீறல்கொண்ட அப்பழம்பெரும் போனை இருகையாலும் ஏந்தி, அஞ்சாநெஞ்சன் வேலாயுதம் காவல்தெய்வத்தின் திருமுன் நீட்டினான்.

கௌரம்மா அதைத் திருப்பிப் பாத்துட்டு, இதுக்கு ஸ்டிக்கரே வேண்டாம் போங்கன்னு சொல்லிட்டாங்க.