முடிச்சு, சார்!

கதவைத் தட்டாமலே அவள் மூன்று முறை வராந்தாவின் கோடி வரை போய்த் திரும்பினாள். கணிதத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து முதல் வருடம்கூட ஓடவில்லை. அதற்குள், வழிகாட்டி சார் கொடுத்த பகா எண் கணக்கை விட்டுவிட்டு, கயிற்றில் விழும் முடிச்சுகளை ஆராயும் கணிதப் பிரிவுக்கு அம்மணி தாவ வேண்டுமாம். அதை யாரிடம் சொல்ல வேண்டும்? மாணவர்கள் 'இடி' என்று பெயர் வைத்திருக்கும் மனிதரிடம்.

"இதுக்கு முன்னாடி ஒருத்தன் தலைப்பை மாத்தணும்னு கேட்டானாம். சார் ஆளையே மாத்திட்டாராம்" என்று அறைத்தோழி வேறு காலையிலேயே பயமுறுத்தி அனுப்பியிருந்தாள்.

"என்னம்மா?" என்றது இடி.

மனப்பாடம் செய்து வந்த பேச்செல்லாம் மறந்துபோய், ஒரே ஒரு சொல்தான் வாயில் மிஞ்சியது.

"முடிச்சு… சார்."

"என்னது, முடிச்சிட்டியா?" சார் துள்ளி எழுந்தார். "அப்பாடா! அந்தக் கணக்கை முடிச்சே முடிச்சிட்டியா!"

இல்லை என்றுதான் தலையாட்ட நினைத்தாள். பாழாய்ப்போன கழுத்து மேலும் கீழும் ஆடித் தொலைத்தது.

சாயங்காலத்துக்குள் துறை முழுக்கச் செய்தி. வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் அவள் விளக்க வேண்டும்.

மறுநாள் ஓடினாள்.

"சார், அதுல ஒரு சிக்கல்…"

"எதுலதான் சிக்கல் இல்ல? பலகைக்கு முன்னாடி நின்னா தானா அவிழும், போ!"

காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தாள்.

"உடம்பைப் பாத்துக்கம்மா. அடுத்த வாரம் வச்சுக்கலாம்" என்றார் சார். அவருக்குப் பரிவு வந்ததுதான் இன்னும் பயமாக இருந்தது. அவள் பயந்தபடியே, கிடைத்த அவகாசத்தில் அவர் வெளியூர்ப் பேராசிரியர்களையும் அழைத்து, கூட்டத்தைப் பெரிய அரங்கத்துக்கு மாற்றிவிட்டார்.

கூட்டத்தன்று அரங்கத்தில் உட்கார இடமில்லை. அவள் கையில் சாக்பீஸ் ரெண்டாக ஒடிந்தது. வாயைத் திறந்தால் படிப்பு போச்சு. திறக்காவிட்டால் மானம் போச்சு. படிப்பே போகட்டும் என்று பலகையில் ஒரு முடிச்சை வரைந்தாள்.

"நான் கணக்கை முடிக்கல. கயித்துல போடுற முடிச்சைத்தான் சொன்னேன். அதைத்தான் ஆராயணும்னு ஆசை. மன்னிச்சிடுங்க சார்."

சார் எழுந்தார். விடுவிடுவென்று வெளியே போனார்.

வெளியே ஓடியவளை வராந்தாவில் துறை அலுவலகத்து அக்கா பிடித்து நிறுத்தினாள்.

"என்னைத் துரத்திட்டாராக்கா?" என்று அவள் விம்மினாள்.

"துரத்துறதா? அலமாரிக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்த முடிச்சுப் புத்தகத்தையெல்லாம் எடுத்துத் தூசி தட்டிட்டு இருக்காரு! பகா எண்ணை விட்டுட்டு அதுக்குத் தாவணும்னு அவருக்கும் ஆசை. உன்னை நட்டாத்துல விட்டுட்டு எப்படிப் போறதுன்னு, உன்கிட்ட சொல்லத்தாம்மா இத்தனை நாளா பயந்து செத்தாரு!"