டீசல் தட்டும் பெட்ரோல் தட்டும்

அன்புள்ள மைத்துனருக்கு,

கடை கடையாகத் தராசு சோதித்து ஓய்வு பெற்ற உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நான் கொஞ்சம் கூடுதலாக, உன் அக்கா கொஞ்சம் குறைவாக. அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தையும் ஏற்ற இறக்கமில்லாமல் நலமாயிருக்க வேண்டுகிறேன். நாலு மாதத்துக்கு முன் நீ போட்ட கடிதம் வந்தது. முதல் நாலு வரி படித்தேன். மிச்சத்தை ஆற அமரப் படிக்கலாம் என்று பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நீ அந்த மலைமேல் குடிபோய் இரண்டு வருஷமாகிறது. வழியெல்லாம் பாறையும் ஓடையும் சேறும் என்று நீ அப்போது எழுதியதால், ஒரு ஜீப் வாங்கிக்கொண்டுதான் வருவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். டீசலா பெட்ரோலா என்பது மட்டும்தான் பாக்கி. இதற்குள் உன் அக்கா குழந்தைக்குத் தைத்த சட்டை சின்னதாகியிருக்கும் என்று இன்னொன்று தைத்து, அதுவும் சின்னதாகியிருக்கும் என்று இப்போது மூன்றாவதுக்குப் பொத்தான் வைக்கிறாள். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையை அவள் கண்ணால் பார்க்கவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நான் என்ன செய்ய, முப்பத்திரண்டு வருஷம் தராசு முள்ளையே பார்த்தவன், அது நடுவில் நின்றால்தான் எனக்கு நிம்மதி. டீசல் ஜீப் பாறையில் மெதுவாக ஏறினாலும் திணறாது என்று ஒரு தாளில் எழுதினால், பெட்ரோல் ஜீப்புக்கு முன்பக்கம் கனம் குறைவு, சேற்றில் லேசில் புதையாது என்று எதிரில் எழுதும் வரை எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. இப்போது பட்டியலில் அந்தப் பக்கம் பதினொன்று, இந்தப் பக்கம் பதினொன்று. சரி, ஓட்டியே பார்த்துவிடலாம் என்று திங்கட்கிழமை தச்சரின் பெட்ரோல் ஜீப்பையும் செவ்வாய்க்கிழமை மாட்டு டாக்டரின் டீசல் ஜீப்பையும் இரவல் வாங்கினேன். டாக்டர் வண்டியைச் சும்மா திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்று பங்க்கில் நிறுத்தினால், அங்கிருந்த பெண் "டீசலா, பெட்ரோலா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கலாமா? "நீ என்னம்மா நெனைக்கிற?" என்றேன். அவள் என்ன நினைத்தாளோ, குழாயை எடுத்துவிட்டாள். நான் பழக்கதோஷத்தில் அளவு சரியாக விழுகிறதா என்று மீட்டரையே முறைத்துக்கொண்டு நின்றேன். அளவு சொட்டுக்கூடக் குறையவில்லை. ஊற்றியதுதான் பெட்ரோல்.

முக்கால் மைலில் வண்டி இருமி இருமி நின்றது. கூட வந்த உன் அக்கா ஸ்டியரிங்கைப் பிடிக்க, நானும், பசுவுக்குப் பிரசவம் பார்க்கக் கிளம்பி எங்களைத் தேடி வந்த டாக்டரும் பட்டறை வரைக்கும் தள்ளினோம். டாக்டர் அடிக்கொரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குத் திட்டியிருக்கலாம். வண்டிக்கு அடியில் படுத்து டாங்க்கைக் காலி செய்துகொண்டிருந்த மெக்கானிக்கிடம், வந்ததற்கு இதையும் கேட்டு வைப்போமே என்று எது நல்ல எஞ்சின் என்றேன். அவர் பதில் சொல்லுமுன் உன் அக்கா முந்திக்கொண்டாள்.

"முள்ளு நடுவுல நிக்குதுன்னு சந்தோஷப்படாதீங்க. ரெண்டு தட்டும் காலியா இருந்தாலும் அது நடுவுலதான் நிக்கும்."

வீட்டுக்கு வந்து பட்டியலை மறுபடி எண்ணினேன், அப்போதும் பதினொன்றுக்குப் பதினொன்றுதான். ஆகையால் மாப்பிள்ளை, தீர்ப்பை உன்னிடமே விடுகிறேன். அந்தப் பாதையில் தினம் போய்வருபவன் நீ. டீசல் அல்லது பெட்ரோல், ஒரே ஒரு வார்த்தை எழுது. மறுவாரமே ஜீப்போடு உன் வாசலில் நிற்கிறோம். உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தை நன்றாக வளரட்டும், ஆனால் மூன்றாவது சட்டை வந்து சேரும் வரை கொஞ்சம் நிதானமாக வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு: பட்டியலைக் காட்டுங்கள் என்று உன் அக்கா கேட்டாள், கொடுத்தேன். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டாள். அது உன் கடிதம். பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் அதில்தான் எழுதியிருந்தேன். உன் வீட்டு வாசல் வரை தார்ரோடு போட்டாகிவிட்டது, பஸ் வருகிறது என்று ஐந்தாவது வரியில் எழுதியிருக்கிறாயே, அதை முதல் வரியில் எழுதக்கூடாதா? மூன்று சட்டையையும் எடுத்துக்கொண்டு அவள் இன்று காலையே கிளம்பிவிட்டாள். நாளைக்கு நானும் வருகிறேன். ஆறு மணிக்கு ஒரு பஸ்ஸும் ஏழு மணிக்கு ஒரு பஸ்ஸும் இருக்கிறதாம். இரண்டில் எது நல்லது என்று உடனே எழுதவும்.