வெற்றுக் காகிதச் சதி

காலை பத்து நாற்பதுக்கு அன்றைய நான்காவது வயிற்றுவலி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது.

"எங்க வலிக்குது?" என்று கேட்டார் தலைமையாசிரியர் ஓரெஸ்ட் ஹலுஷ்கா.

இரண்டாம் வகுப்பு பிரின் கார்டினல் கொஞ்சம் யோசித்துவிட்டு முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

"வயிறு அங்கயா இருக்கு?"

"முதல்ல மேலதான் சார் வலிச்சுது. நடந்து வந்தேன்ல, இறங்கிடுச்சு."

பக்கத்து மேஜையில் இருந்த மாவிஸ் தன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அந்த அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவர். நான்கு தலைமையாசிரியர்களை வரவேற்று, மூன்று பேரை வழியனுப்பியவர்.

"இப்ப எப்படி இருக்கு கண்ணு?" என்று கேட்டார் மாவிஸ்.

"சரியாப் போச்சு. திரும்பி ஓடட்டுமா?"

"நடந்து போகணும்!" என்றார் ஓரெஸ்ட். அதற்குள் பிரின் நடைபாதையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள்.

ஓரெஸ்ட் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார். கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியில், தானியக் கிடங்கும் பெட்ரோல் நிலையமும் தவிர அதிகம் ஒன்றும் இல்லாத சின்ன ஊர் அது. டக் பாண்ட், அதாவது வாத்துக்குளம், என்று பேர்கொண்ட தொடக்கப்பள்ளியில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். போன வருட வாசிப்புத் தேர்வில் வட்டாரத்தின் பதினான்கு பள்ளிகளில் பதினான்காவது இடம். வரும் மார்ச்சிலும் இதே கதை என்றால் பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைகளை ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்குப் பேருந்தில் அனுப்பிவிடுவோம் என்று வட்டார மேற்பார்வையாளர் திருமதி வாண்டல் கடிதமே எழுதிவிட்டார். இருட்டில் ஏறி இருட்டில் இறங்கும் பிள்ளைகளை நினைத்து ஓரெஸ்ட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் ஓர் உத்தரவு போட்டார். இரண்டு இடைவேளைகளும் ரத்து. உடற்பயிற்சி வகுப்பு ரத்து. அந்த நேரம் முழுக்க வாசிப்பு. மைதானத்துக் கொட்டகையில் இருந்த பந்துகளையும் பனிச்சறுக்குப் பலகைகளையும் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டார்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஜோலீன் ஃப்ரீசன் அன்றே வந்து நின்றாள்.

"சார், ஏழு வயசுப் பிள்ளைங்க. ஓடினாத்தான் உட்காருங்க."

"உட்கார்ந்தாத்தான் படிக்கும், ஜோலீன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

இருவரும் தாம் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பிரிந்தார்கள்.

மூன்றாம் நாளே கழிவறைக்கு முன்னால் வரிசை நின்றது. ஒரே மணி நேரத்தில் முப்பத்தெட்டுப் பேர். ஓரெஸ்ட் வகுப்புக்கு ஒரு மரக்கட்டை கொடுத்தார். கட்டை கையில் இருப்பவர் மட்டும்தான் வெளியே போகலாம். அன்று மதியமே நான்காம் வகுப்பில் கட்டைக்காக அடிதடி நடந்து ஒருவன் மூக்கு உடைந்தது. முதல் வகுப்பில் கட்டை கிடைக்காத ஒரு குழந்தையின் நாற்காலிக்கு அடியில் சின்னக் குளம் கட்டியது.

"பள்ளிக்கூடத்துப் பேருக்குப் பொருத்தமா இருக்கு," என்றார் மாவிஸ்.

ஓரெஸ்ட் கட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். உடனே எல்லாரும் பென்சில் சீவ எழுந்தார்கள். ஒரு நாளில் புதுப் பென்சில்கள் கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டன. வகுப்புகளில் இருந்த சீவும் கருவிகளைப் பிடுங்கி, ஒன்றே ஒன்றை அலுவலகத்தில் வைத்தார். இப்போது பள்ளியே அலுவலகத்துக்கு வந்தது. இந்த லட்சணத்தில் பயிற்சித் தேர்வு வைத்தால், மதிப்பெண் போன மாதத்தைவிடக் கீழே இறங்கியிருந்தது.

"எங்க தப்பு நடக்குது மாவிஸ்?" என்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னாக் கேப்பீங்களா?"

"சொல்லுங்க."

"பிள்ளைங்களை வெளிய விடுங்க."

"அது மட்டும் வேண்டாம். வேற சொல்லுங்க."

மாவிஸ் தன் கோப்புகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் ஓரெஸ்ட் அந்த உறைகளைக் கவனித்தார். ஒட்டப்பட்ட வெள்ளை உறையைக் கையில் பிடித்தபடி பிள்ளைகள் நடைபாதையில் பறந்துகொண்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு ஒன்று. ஐந்தாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு இன்னொன்று. தபால் நிலையத்தில்கூட அவ்வளவு கடிதம் போகாது.

எதிரே குதிரை மாதிரி வந்த பிரினை நிறுத்தினார்.

"கையில என்ன?"

"ரொம்ப முக்கியமான கவர் சார். ஜோலீன் டீச்சர் குடுத்தாங்க. யார்கிட்டயும் குடுக்கக் கூடாதாம்."

"நான் தலைமையாசிரியர்."

"நீங்களும் யாரோதானே சார்?"

ஒருவழியாக வாங்கிப் பிரித்தார். உள்ளே நான்காக மடித்த காகிதம். விரித்தார். வெள்ளை. திருப்பினார். அந்தப் பக்கமும் வெள்ளை. மாலைக்குள் இன்னும் ஆறு உறைகள் மாட்டின. ஆறிலும் வெற்றுக் காகிதம்.

ஓரெஸ்ட்டுக்கு வியர்த்தது. ஆசிரியர்கள் தனக்குத் தெரியாமல் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். வேலைநிறுத்தமா? திருமதி வாண்டலுக்குப் புகார்க் கடிதமா? அன்றிரவு முழுக்க யோசித்ததில், சின்ன வயதில் எலுமிச்சைச் சாற்றில் ரகசியம் எழுதி விளையாடியது நினைவுக்கு வந்தது. காகிதத்தைச் சூடு காட்டினால் எழுத்து தெரியும்!

மறுநாள் மதிய உணவு முடிந்ததும் ஒலிபெருக்கியில் மாவிஸ் குரல் வந்தது. "ஹீட்டரைச் சரிபார்க்கறாங்க. குளிரும். எல்லாரும் கோட்டு, பூட்ஸ், கையுறை போட்டுக்கிட்டே உட்காருங்க." ஓரெஸ்ட் அதைக் காதில் வாங்கவில்லை. ஆசிரியர் அறை காலியாகட்டும் என்று காத்திருந்தார்.

ஒன்றரை மணிக்கு உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினார். பிரினின் காகிதத்தை டோஸ்டருக்குள் செருகி அழுத்தினார். குனிந்து பார்த்தார். காகிதத்தில் மெல்லப் பழுப்பு படர்ந்தது. ஒரு வளைவு தெரிந்தது. எழுத்தேதான்! இன்னும் குனிந்தார். புருவம் பொசுங்கிய வாசனை வந்தபோதுதான் காகிதம் எரிவது புரிந்தது. கையிலிருந்த காபியை டோஸ்டரில் ஊற்றினார். ஒரு மெல்லிய புகை எழுந்தது.

அந்த நொடியில் பள்ளி முழுவதும் தீ அலாரம் அலறியது.

"ஐயோ!" என்றார் ஓரெஸ்ட். கருகிய காகிதத்தைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினார்.

வெளியே நல்ல வெயில், நல்ல குளிர். பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரி. பிள்ளைகள் வரிசையாகப் பனியில் நின்றார்கள். எண்ணிப் பார்த்தார்கள். நூற்றுப் பன்னிரண்டும் சரி.

"தீயணைப்பு வண்டி?"

"சொல்லியாச்சு. வர்றாங்க," என்றார் மாவிஸ். தீயணைப்புக் குழுத் தலைவர் கிளென் போட்னார் வந்து பார்த்து அனுமதி கொடுக்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது. அதுதான் விதி.

ஐந்து நிமிடம் ஆயிற்று. வண்டியைக் காணோம்.

"நிக்க வெச்சா உறைஞ்சுடுங்க சார்," என்றாள் ஜோலீன்.

"நின்ன இடத்துலயே குதிக்கச் சொல்லுங்க."

குதித்தார்கள். குதித்தது நடனமாயிற்று, நடனம் ஓட்டமாயிற்று. பத்தாவது நிமிடம் மாவிஸ் ஓரெஸ்ட் முன்னால் கையை நீட்டினார். ஓரெஸ்ட் வெறிச்சோடிய சாலையைப் பார்த்தார். நீட்டிய கையைப் பார்த்தார். கழுத்திலிருந்த சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

கொட்டகை திறந்ததும் எழுந்த சத்தம் பக்கத்து ஊருக்கே கேட்டிருக்கும். பந்துகள் பறந்தன. மேட்டிலிருந்து பலகைகள் சறுக்கின. மூக்கு உடைந்தவனும் உடைத்தவனும் ஒரே பலகையில் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

அப்போதுதான் சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து நின்றது. ஒரு பனிப்பந்து அதன் கண்ணாடியில் போய் உடைந்தது. கதவைத் திறந்து இறங்கியவர் திருமதி வாண்டல்.

"ஹலுஷ்கா, என்ன நடக்குது இங்க?"

உண்மையைச் சொல்லத்தான் ஓரெஸ்ட் வாயைத் திறந்தார். "வாசிப்புப் பயிற்சி மேடம்," என்று வந்தது.

"இதுவா?"

"முன்தயாரிப்பு. முதல்ல ஓட்டம், அப்புறம் வாசிப்பு."

"எவ்வளவு நேரம்?"

சாலையின் கோடியில் சிவப்பு வண்டி நிதானமாக வந்துகொண்டிருந்தது. ஓரெஸ்ட் கடிகாரத்தைப் பார்த்தார். "நாற்பது நிமிஷம்."

"வாசிப்பையும் பார்த்துட்டே போறேன்," என்றார் திருமதி வாண்டல்.

கிளென் உள்ளே சுற்றிப் பார்த்து அனுமதி கொடுத்ததும், இரண்டாம் வகுப்புக்குள் தண்டனைக்குப் போகிறவர் மாதிரி நுழைந்தார் ஓரெஸ்ட். உள்ளே அவர் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. அமைதி. கன்னங்கள் ஆப்பிள் மாதிரி சிவந்து, இருபது பிள்ளைகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் வயிறு வலிக்கவில்லை. யாரும் பென்சில் சீவவில்லை.

"இந்தப் பொண்ணு படிக்கட்டும்," என்று திருமதி வாண்டல் பிரினைக் காட்டினார்.

ஓரெஸ்ட் கண்ணை மூடிக்கொண்டார். ஜனவரி முழுக்க இரண்டாவது வரியைத் தாண்டாதவள் பிரின். அவள் விரலை வைத்து மெல்ல ஆரம்பித்தாள். ஆற்றில் அணை கட்டும் பீவர் என்ற விலங்கின் கதை. ஓரிடத்தில் தடுக்கினாள். திரும்பப் போய்ச் சரியாகப் படித்தாள். பக்கம் முடிந்தது.

"போதும்மா," என்றார் திருமதி வாண்டல்.

"இருங்க, அணை உடையப் போகுது," என்று பிரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

ஓரெஸ்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணில் ஏதோ விழுந்திருந்தது.

"இந்த முன்தயாரிப்பு தினமும் உண்டா?" என்று கேட்டார் திருமதி வாண்டல்.

"ரெண்டு வேளை!" என்றாள் ஜோலீன், ஓரெஸ்ட் வாயைத் திறப்பதற்குள்.

"நல்லது. மார்ச் வரைக்கும் சொல்லாம வந்து பார்ப்பேன். நிறுத்தினீங்கன்னா தெரியும்."

அவர் போனபின் ஓரெஸ்ட் கருகிய காகிதத்தை ஜோலீனிடம் நீட்டினார். "இப்பவாவது சொல்லும்மா. டோஸ்டர்ல சூடு காட்டியும் தெரியல. இதுல என்ன எழுதியிருந்துது?"

"ஒண்ணுமே இல்ல சார். அந்தக் கோடி வரைக்கும் ஓடிட்டு வந்தா அஞ்சு நிமிஷமாவது உட்காருவாளேன்னு அனுப்பினேன். அதையா சார் டோஸ்டர்ல போட்டீங்க?" ஜோலீன் சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு நாள்கூட ஓட்டம் நிற்கவில்லை. உடற்பயிற்சிக்கூடம் திறந்தது. வெளியே மிகவும் குளிர்ந்த நாட்களில் பிள்ளைகள் அங்கே துள்ளினார்கள். கழிவறை வரிசை காணாமல் போயிற்று. இருமல் விடுப்பும் பாதியாயிற்று. 'என் மகன் எட்டு மணிக்கே தூங்கிவிடுகிறான், என்ன மருந்து கொடுக்கிறீர்கள்?' என்று ஓர் அம்மா கேட்டு எழுதியிருந்தார். நடுவே திருமதி வாண்டல் இரண்டு முறை திடீரென்று வந்தார். இரண்டாம் முறை பலகையில் ஏறி மேட்டிலிருந்து சறுக்கிவிட்டே போனார்.

மார்ச் தேர்வின் முடிவு ஏப்ரலில் வந்தது. பதினான்கு பள்ளிகளில் டக் பாண்ட் மூன்றாவது. பள்ளியை மூடும் பேச்சே இனி இல்லை என்று எழுத்திலேயே வந்துவிட்டது.

அன்று மாலை ஊரே உடற்பயிற்சிக்கூடத்தில் திரண்டது. பெர்ரி கேக், காபி, கைதட்டல். பிள்ளைகள் ஓரெஸ்ட்டைத் தோளில் தூக்கப் பார்த்து முடியாமல், காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேடையில் நிறுத்தினார்கள்.

"நான் ஒரு உண்மையைச் சொல்லணும்," என்றார் ஓரெஸ்ட், ஒலிவாங்கியைப் பிடித்து. "இது என் புத்திசாலித்தனம் இல்ல. நான் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். வெத்துப் பேப்பரை டோஸ்டர்ல போட்டேன். அந்தப் புகையிலதான் அலாரம் அடிச்சுது, பிள்ளைங்க வெளிய வந்துச்சுங்க, எனக்குப் புத்தியும் வந்துது. என் முட்டாள்தனம்தான் நம்ம பள்ளிக்கூடத்தைக் காப்பாத்துச்சு! அன்னைக்கு நாற்பது நிமிஷம் லேட்டா வந்த நம்ம கிளென்னுக்கும் நன்றி!"

கூடம் அதிர்ந்தது. பிரின் மேஜை மேல் ஏறிக் குதித்தாள். மாவிஸ் தலை குனிந்து காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

வாய் நிறையக் கேக்கோடு நின்ற கிளென் மட்டும் குழம்பிப்போய்ச் சுற்றிலும் பார்த்தார்.

"லேட்டா? நானா? 'ஒண்ணரை மணிக்கு நான்தான் அலாரத்தை இழுக்கப் போறேன், பயிற்சிதான், நாற்பது நிமிஷத்துக்கு முன்னாடி மட்டும் வந்துடாதீங்க'ன்னு மாவிஸ் காலைலயே போன் பண்ணிச் சொல்லிட்டாங்களே!"