காணாமல் போகாத பிஸ்டன்கள்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். இருபத்தாறு வயதில் எனக்கு அது மட்டும்தான் இல்லை. மற்றபடி வாய், மீசை, ஐ.டி.ஐ. சர்டிபிகேட், பெரம்பலூர் பைபாஸில் சொந்தமாக ஒரு லாரி ஒர்க்‌ஷாப் எல்லாம் இருந்தன. (மீசை கணக்கில் வராது என்று என் மனைவி சொல்வாள். நம்ப வேண்டாம்.)

அந்த மனைவியை அரியலூரில் பார்த்தோம். பெயர் கயல்விழி. அவள் அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிகள் ஓடின. பூ வைத்த அன்று, பஜ்ஜி தின்ற கையோடு என்னை லாரி ஷெட்டுக்கு அழைத்துப் போய் ஒரு தார்ப்பாயை விலக்கினார். உள்ளே இரண்டே பேர் உட்காரும் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, சிவப்பு நிறத்தில், என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த நண்பர் ஒருவர், ஓட்டிச் சலித்து இவர் தலையில் கட்டிவிட்டாராம். பல வருடமாக அதே இடத்தில் கிடக்கிறது.

"மாப்ள, இதை ஓட வச்சிட்டீங்கன்னா பொண்ணழைப்புக்கு இந்தக் கார்தான். முடியுமா?"

தூரத்தில் ஜன்னலில் கயல்விழி நின்றிருந்தாள். வேறு என்ன பதில் சொல்ல முடியும்?

"இன்ஜின்னா எல்லாம் ஒரே ஜாதிதான் மாமா. பத்து நாள் குடுங்க."

இன்ஜினை இறக்கி டிப்பரில் ஏற்றிப் பெரம்பலூருக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் காலையில் கற்பூரம் காட்டிவிட்டுப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க எனக்கு வியர்த்தது. உள்ளே பிஸ்டன் இல்லை. வால்வு இல்லை. நிலக்கடலைத் தொலி மாதிரி நடுவில் ஒடுங்கிய இரண்டு அறைகள், அறைக்கு ஒன்றாக முக்கோண வடிவில் ஓர் இரும்புக் கட்டி. அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வண்டியைப் பிரித்ததும், 'இதுக்கு முன்னாடி கை வச்சவன் யாரு?' என்று கேட்க வேண்டும். நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டை சாமானைப் போட்டுவிட்டான் என்று அவன் மேல் ஒரு பழியைப் போட்டால்தான் நாம் மெக்கானிக். நான் மாமனாருக்குப் போன் போட்டேன்.

"மாமா, ஒரு கெட்ட சேதி. பிஸ்டனை எல்லாம் எவனோ திருடிட்டான். வால்வுகூட விடல."

"அப்ப உள்ளாற என்னதான் இருக்கு?"

"முக்கோணமா ரெண்டு இரும்பு. தூக்கிப் பாத்தா எடை கொறையக் கூடாதுன்னு போட்டு வச்சிருக்கான். கைதேர்ந்த ஆளு மாமா."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "ஷெட்டு சாவி சிங்காரத்துக்கிட்ட மட்டும்தான இருந்துச்சு."

சிங்காரம் அவருடைய மச்சினர். கயல்விழிக்குத் தாய்மாமன். மாமனார் லாரியிலேயே ஆதிநாளிலிருந்து டிரைவர். இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. "வெளியாள் இல்லேன்னா உள்ளாள்தான் மாமா" என்று துப்பறியும் நிபுணர் மாதிரி முடித்து வைத்தேன்.

அன்று சாயங்காலமே ஷெட்டில் எல்லா டிரைவர்கள் முன்னாலும் மாமனார் கேட்டுவிட்டார். சிங்காரம் சாவிக் கொத்தைப் பலகை மேல் வைத்தார். "திருடன் கையால பொண்ணுக்கு மாலை எதுக்கு? வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு தன் ஊரான வாலிகண்டபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை போடாமல் பெண் மணவறை ஏறமாட்டாள். கல்யாணத்துக்கு இருபத்தைந்து நாள் இருந்தது. கயல்விழியின் அம்மா தம்பியை நினைத்து அழுதுகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் கயல்விழி போன் செய்தாள். அதுவரை என்னோடு அவள் நாலு வார்த்தைகூடப் பேசியதில்லை.

"ஏங்க, அந்தக் கார் பேரைப் போட்டு நெட்டுல பாத்தீங்களா?"

"அதெல்லாம் எதுக்குங்க? கைப்பழக்கம் இருக்குல்ல."

"அந்த இன்ஜின்ல பிஸ்டனே கிடையாதாம்."

"வால்வு?" என்றேன்.

"அதுவும் கிடையாதாம். அந்த முக்கோணம்தான் உள்ளாற சுத்துதாம். வீடியோ அனுப்பியிருக்கேன். பாத்துட்டு நேரா எங்க மாமா வூட்டுக்குப் போங்க." போனை வைத்துவிட்டாள்.

பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல, முக்கோணத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். மொழி பாதிதான் புரிந்தது. வெட்கம் முழுதாகவே வந்தது. ஒரு நல்ல மனிதரைத் திருடன் ஆக்கிவிட்டேன், அதுவும் இல்லாத பொருளைத் திருடியதாக.

வாலிகண்டபுரத்தில் சிங்காரம் வீட்டு வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிரக்கூட இல்லை.

"வாங்க மெக்கானிக் சார். இன்னும் ஏதாச்சும் காணாம போச்சா?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். மன்னிக்கச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது. (வெங்காயத்தின் பங்கும் இருக்கலாம். பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.)

"பிஸ்டன் இல்லாத இன்ஜின்னு நீங்க சொல்றீங்க" என்றார். "நான் போய்ச் சொன்னா எந்த டிரைவர் நம்புவான்? சேத்து முடிச்சு, அத்தனை பேரு முன்னாடியும் ஓட்டிக் காட்டுங்க. ஓடுச்சுன்னா மாலையோட வர்றேன். ஓடலேன்னா எம் பேரு திருடன்தான்."

ஆக, என் கல்யாணமும் அவர் மானமும் எனக்குத் தெரியாத ஒரு இன்ஜினுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

மறுநாளிலிருந்து சிங்காரம் தினமும் காலையில் ஒர்க்‌ஷாப்புக்கு வருவார். கவிழ்த்த ஆயில் டிரம் மேல் உட்கார்ந்து என் கையையே பார்ப்பார். அந்த முக்கோணத்தின் மூன்று முனையிலும் காற்று கசியாமல் அடைக்க, மெல்லிய பட்டையாக ஒரு சீல் உட்கார வேண்டும். சீலுக்கு அடியில் சுண்டுவிரல் நகம் அளவு ஸ்பிரிங். பழைய சீல் எல்லாம் தேய்ந்து போயிருந்தன. புதியவை எங்கோ வெளிநாட்டிலிருந்து கூரியரில் வந்தன. ஒரு முனையில் வைத்தால் மறுமுனையில் விழும். அதைப் பிடித்தால் இது விழும். வீடியோக்காரர் சொன்னபடி வாஸலின் களிம்பைத் தடவி ஒட்டவைத்தேன். லாரிக்குச் சம்மட்டி பிடித்த கை, மருதாணி இடுவது மாதிரி வேலை பார்த்தது.

ஒருநாள் ஸ்பிரிங் ஒன்று துள்ளி எங்கோ போய்விட்டது. ஒர்க்‌ஷாப் முழுக்க முட்டி போட்டுத் தேடினோம். மத்தியானம் வரை கிடைக்கவில்லை. சிங்காரம் எழுந்து வந்து, என் தோளில் கிடந்த துண்டின் மடிப்பிலிருந்து அதை எடுத்து நீட்டினார்.

"எடுத்தது நான்தான். ஆனா திருடல. போன் போட்டுச் சொல்லிராதீங்க."

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு இன்ஜின் காரில் ஏறியது. அரியலூர் ஷெட்டில் டிரைவர்கள், கிளீனர்கள், மாமனார், மாமியார், கயல்விழி எல்லோரும் கூடிவிட்டார்கள். எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் இருமியது. மறுபடி திருப்பினேன். இருமல் மட்டும்தான். பேட்டரி தீரும்வரை திருப்பினேன். ஒரு டிரைவர் இன்னொருவரைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்தது. சிங்காரத்துக்கும் தெரிந்திருக்கும்.

அவர் பானட் அருகே குனிந்து முகர்ந்தார். "பெட்ரோல் ரொம்பிக் கெடக்கு. உக்காருங்க, இழுக்கலாம்" என்று சொல்லி, டிப்பரில் கயிற்றைக் கட்டி, தானே ஏறி ஓட்டினார். ஷெட்டு மைதானத்தில் ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் கிளட்சை விட்டேன். காட்டுப்பன்றியும் மாவு மில்லும் சேர்ந்து கத்தியது போல ஒரு சத்தம். பயத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். கயிறு அறுந்தது. கார் டிப்பரைத் தாண்டி, சிமெண்ட் ஆலைக்காகக் கொட்டி வைத்திருந்த சாம்பல் குவியலில் போய் முக்கால்வாசி புதைந்தது.

ஜன்னல் வழியாக வெளியே வந்தேன். பார்த்தவர்கள் சுடுகாட்டுச் சாமியார் என்று கும்பிட்டிருப்பார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் சாம்பலுக்குள் காது கொடுத்தார்கள். உள்ளே இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

சிங்காரம் டிப்பரிலிருந்து இறங்கி டிரைவர்கள் பக்கம் திரும்பினார். "கேக்குதாடா? பிஸ்டன் இல்ல. ஓடுது." மாமனார் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். (இந்த முறை வெங்காயம் இல்லை.)

பெண்ணழைப்புக்கு அந்தக் கார் வரவில்லை. சாம்பல் எங்கெங்கே போனது என்று இன்னும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன். டிப்பரைக் கழுவி, வாழைமரம் கட்டி, கயல்விழியைக் கேபினில் உட்காரவைத்து சிங்காரமே ஓட்டி வந்தார்.

முகூர்த்தத்துக்கு முன்னால் தாய்மாமன் சீர்த் தட்டு மேடை ஏறியது. மைக்கில் ஒருவர் வாசித்தார். "பட்டுச் சேலை ஒண்ணு. மாலை ஒண்ணு. பழத்தட்டு அஞ்சு." பிறகு ஜிகினாத் தாள் சுற்றிய பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தயங்கினார். மண்டபமே காத்திருந்தது.

"லாரி பிஸ்டன் ஒண்ணு."

கயல்விழி தலை குனிந்திருந்தது வெட்கத்தால் என்று போட்டோகிராபர் நினைத்தார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். சிங்காரம் மாலையைப் போட்டுவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"பத்திரமா வச்சுக்குங்க தம்பி. இது காணாம போனா எங்கிட்டதான வருவீங்க."

எங்கள் வீட்டு ஷோகேஸில் பொம்மைகளுக்கு நடுவில் அந்தப் பிஸ்டன் இருக்கிறது. எந்தச் சொந்தக்காரர் வந்தாலும், நான் வீட்டில் இருக்கிறேனா என்று கேட்பதற்கு முன்னால் அது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சிங்காரம் வந்தால் மட்டும் அதைக் கையில் எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, திரும்ப வைத்துவிட்டு உள்ளே இருக்கும் கயல்விழிக்குக் குரல் கொடுப்பார்.

"பாப்பா, இன்னிக்கு இருக்கு. நான் போனப்புறம் உன் வூட்டுக்காரரை ஒரு தடவை எண்ணிக்கச் சொல்லு."