நிக்கல் காசும் ராகு காலமும்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
18.6.1986

மரியாதைக்குரிய மச்சான் ஐயாத்துரை அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஞானாம்பிகையைக் கைப்பிடித்து முப்பது வருஷமாக விடாதிருக்கும் பரமநாதன் எழுதிக்கொள்வது. தண்ணீர்மலை முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் தங்கள் மருமகள் ஜெயலெட்சுமியும் சுகம். தங்கள் தங்கையும் உடம்பளவில் சுகம்தான். என்னோடு பேசி மட்டும் மூன்று நாளாகிறது. டொராண்டோவில் தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் குளிர் தாக்காமல் நலமாயிருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் அனுப்பிய காசுப் பொட்டலம் கிடைத்தது. மிகவும் நன்றி. ஆனால் அந்த பீவர் படம் போட்ட ஐந்து காசை ஏன் அனுப்பினீர்கள் மச்சான்? அது 1983-ஆம் வருஷத்துக் காசு. உங்கள் ஊர் ஐந்து காசு 1981 வரைக்கும்தான் சுத்த நிக்கல், அதற்குப் பிறகு செம்பு கலந்துவிட்டார்கள் என்று நான் மூன்று கடிதத்தில் எழுதியிருக்கிறேன். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் அது பாட்டுக்குக் கல் மாதிரி கிடக்கிறது. சுத்த நிக்கலாயிருந்தால் அது தானாகவே துள்ளி வந்து 'டக்' என்று ஒட்டும். அந்த 'டக்' கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். ஒட்டுவதெல்லாம் நிக்கல் இல்லை, இரும்புக் காசும் ஒட்டும், அதைத்தான் புத்தகம் பார்த்துக் கழிக்க வேண்டும். எங்கள் மலேசியக் காசிலோ சுத்த நிக்கல் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் நான் சூலியா ஸ்திரீட்டில் முதுகில் மூட்டையோடு திரிகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளை நிறுத்தி நிறுத்தி, "உங்க ஊர்க் காசு இருக்கா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு ஹாலந்துப் பெண், பாவம், நான் பிச்சை கேட்கிறேன் என்று நினைத்து இரண்டு கில்டரும் ஒரு வாழைப்பழமும் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டும் ஒட்டின. வாழைப்பழத்தை நான் சாப்பிட்டேன்.

வினையெல்லாம் காந்தத்தால் வந்தது. முன்பு வைத்திருந்த குட்டிக் காந்தம் போதவில்லை என்று லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஒரு பெரிய ஸ்பீக்கர் வாங்கி, உடைத்து, உள்ளே இருந்ததை எடுத்தேன். பார்த்தால் உளுந்து வடைதான், நடுவில் ஓட்டைகூட இருக்கிறது. ஆனால் என்ன சக்தி! முதல் நாளே பிரிட்ஜில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இழுத்த இழுப்பில் கதவு திறந்து, தோசை மாவு முழுக்கத் தரையில். அடுத்த நாள் பக்கத்து வீட்டு ரொஸ்னா தன் பாட்டுக் கேசட்டுகளை எங்கள் மேசையில், அந்த வடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஞானத்தோடு கதை பேசியிருக்கிறாள். வீட்டுக்குப் போய்ப் போட்டால் பாட்டுக்கு நடுவே மழை பெய்கிறதாம். பிறகு ஞானத்தின் கைக்கடிகாரம் குதிரையாக ஓட ஆரம்பித்தது, ஒரு மணி நேரத்துக்கு எழுபத்தைந்து நிமிஷம் காட்டியது. கடிகாரத்துக்குள் இருக்கிற மெல்லிய சுருள் காந்தமாகிவிட்டால் அப்படித்தான் ஓடுமாம், ரிப்பேர் கடைக்காரர் சொன்னார். சுவர்க் கடிகாரம் அதுவும் இல்லை, ஒரேயடியாக நின்றே விட்டது. இதையெல்லாம் ஞானம் பொறுத்துக்கொண்டாள் மச்சான், தங்கமான மனுஷி. ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஞாயிறு நம் ஜெயலெட்சுமிக்கு நிச்சயத் தட்டு மாற்றுகிற நாள். மாப்பிள்ளை அர்ஜுனன், பாயான் லெப்பாஸ் பேக்டரியில் எஞ்சினியர், இவள் வேலை செய்கிற அதே இடம். அப்பா குலசேகரம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராயிருந்து ஓய்வு பெற்றவர், வீடு அக்கரையில், பாகான் டாலாமில். அம்மா யோகம்மா நல்லவர்தான், ஆனால் பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். நாலரைக்கு ராகு காலம் தொடங்கும், அதற்குள் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், ஆறு மணிக்கு ராகு காலம் கழிந்ததும் தட்டு மாற்ற வேண்டும் என்று ஏற்பாடு. நாலேகாலுக்கே வந்துவிட்டார்கள். ஆறு மணி வரைக்கும் என்ன செய்வது? ஞானம் காலையிலேயே என்னிடம், "இன்னிக்கு ஒரு நாள் அந்தக் காசுப் பெட்டியைத் திறக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லியிருந்தாள். சத்தியமாக நான் திறக்கவில்லை. சம்பந்திதான், "அது என்னங்க பெட்டி?" என்று கேட்டார். வந்தவர் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா?

மச்சான், அந்த மனுஷனை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! முதலில் கைகட்டிக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டராகத்தான் உட்கார்ந்திருந்தார். பிரான்ஸ் காசு 'டக்' என்றதும் நிமிர்ந்தார். புலி போட்ட 1947-ஆம் வருஷத்து இந்திய ரூபாய் 'டக்' என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்தார். "இங்க குடுங்க, நான் பண்றேன்" என்று வடையை வாங்கி இடது கையில் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, இது எந்த ஊரு?"

"சுவிட்சர்லாந்து, இருபது ராப்பன். உங்க கடிகாரத்துக்குச் சொந்த ஊர்க்காரன் லா."

"அப்படியா! இந்தக் கடிகாரம் முப்பத்தொரு வருஷத்துல ஒரு நிமிஷம் தப்பினதில்ல. இத வச்சுத்தான் ரயிலே விட்டேன்."

டக். டக். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாகிவிட்டோம். அவர் தொடையில் தட்டிச் சிரிக்கிறார், நான் அடுத்த காசுத் தட்டை எடுக்கிறேன், எத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார் என்று கண் கலங்கிவிட்டது. அப்படியே நேரம் போய், அவர் கடிகாரத்தைப் பார்த்து, "ஆறு அஞ்சு! எழுந்திருங்க" என்றார். வீட்டில் வேறு கடிகாரம் ஓடவில்லை, அவர் கடிகாரத்தை யார் சந்தேகப்படுவார்கள்? தட்டை மாற்றினோம், பாக்கு வெற்றிலை பிடித்தோம், பாயசம் பரிமாறினோம். யோகம்மா இரண்டாவது கிண்ணத்தில் இருக்கும்போது ரொஸ்னா வீட்டு ரேடியோ பீப், பீப் என்று ஆறு மணி அடித்தது.

சம்பந்தியின் கையில் மணி ஆறு இருபத்தொன்பது. பாயசக் கரண்டி அந்தரத்தில் நின்றது. "அப்ப நாம ராகு காலத்துலயா தட்டு மாத்தினோம்?" என்றார் யோகம்மா. சம்பந்தி எழுந்து நின்று, "ரேடியோ தப்பு" என்றார். அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்போம். நான் என்ன செய்தேன்? அந்த நல்ல மனுஷனைக் காப்பாற்றுகிறேன் என்று, "உங்க கடிகாரம் மேல குத்தமில்ல சம்பந்தி, காந்தம் பட்டா அப்படித்தான் ஓடும், ஞானத்தோட கடிகாரமும் இப்படித்தான் ஆச்சு" என்று விளக்கிச் சொன்னேன். ஞானம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தமிழ் போதாது. அவர்கள் கொண்டுவந்த தட்டைத் திருப்பி எடுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை, பெர்ரிக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்கள். தட்டு மேசையிலேயே இருக்கிறது, வாழைப்பழம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஜெயலெட்சுமி ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போய் வருகிறாள். அவள் திட்டினாலாவது தேவலை மச்சான், எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகையால் என் வேண்டுகோள். நீங்கள் தாய்மாமன், உங்கள் வாக்குக்கு மதிப்பு உண்டு. கடிதம் கண்டதும் யோகம்மாவுக்குப் போன் போட்டு, தட்டு மாற்றும்போது டொராண்டோவில் காலை ஐந்து நாற்பது, தாய்மாமன் இருக்கிற ஊரில் அப்போது ராகு காலமே கிடையாது, ஆகவே செல்லும் என்று அடித்துச் சொல்லுங்கள். இனிமேல் காசு அனுப்ப வேண்டாம். வெள்ளிக்கிழமை பெர்ரியில் ஏறி, நடுக்கடலில் பெட்டியோடு எல்லாவற்றையும் கொட்டிவிடுவதாக முடிவு செய்துவிட்டேன்.

அண்ணிக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் சொல்லவும். முருகன் எல்லோரையும் காப்பானாக, என்னைச் சற்று முன்கூட்டியே காப்பானாக.

இப்படிக்குத் தலைகுனிந்து நிற்கும்,
பரமநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது யோகம்மா போன் செய்தார். ஆவணியில் கல்யாணம், மண்டபம் பார்க்கச் சொல்கிறார். ஆகவே மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம், குடும்பத்தோடு வந்து சேருங்கள். காசுகளைக் கடலில் கொட்டப் போவதாக நான் சொன்னதும், கூடவே கூடாது என்று சம்பந்தி போனைப் பிடுங்கிச் சத்தம் போட்டார், நாளைக்கு வருகிறாராம். விஷயம் என்னவென்றால், அர்ஜுனன் கையில் டிஜிட்டல் கடிகாரம், ஜெயலெட்சுமி கையிலும் வளையலுக்குப் பின்னால் அதேதான், காந்தம் அதை ஒன்றும் செய்யாதாம். தட்டு மாற்றும்போது மணி ஐந்து நாற்பது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்கள். பையன் நேற்று அம்மாவிடம் அதை ஒப்புக்கொண்டதும், "இவங்க ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்தாச்சு, இனி ராகு என்ன பண்ணுவான்" என்று யோகம்மா சிரித்துவிட்டாராம். நான் மகளைக் கூப்பிட்டு, "ஏம்மா அப்பவே சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா நீங்க ரெண்டு பேரும் அடுத்த பெட்டியைத் திறந்திருப்பீங்க. எனக்கு அவசரம் லா, ப்பா" என்றாள்.