ஏகாம்பரம் சாரை என் லேப்டாப் கொன்ற காலை

ஒரு மனிதரைக் கொல்ல ஆயுதம் தேவையில்லை. பழைய லேப்டாப் ஒன்றும், எல்லாம் தெரியும் என்கிற நினைப்பும் இருந்தால் போதும். அந்தக் காலத்தில் என்னிடம் இரண்டும் இருந்தன.

கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்த புதிது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. (சர்வர் என்றால் ஓட்டலில் பரிமாறுவது என்று மாமியார் வெகுநாள் நினைத்திருந்தார். வீட்டிலிருந்தே எப்படிப் பரிமாறுகிறாள் என்பதுதான் அவருக்குப் புரியாமல் இருந்தது.) மாமனார் நெல் பயிரிடுபவர். ஊர்ப் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். போனில் யார் எதை அனுப்பினாலும் நம்பிவிடுவார். உப்புக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது என்று எவரோ அனுப்பியதைப் படித்துவிட்டு ஒரு மூட்டை உப்பு வாங்கி வந்து இறக்கினார். அது நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நீர் கசிந்துகொண்டு கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ரோஷம் வந்தது.

"மாமா, கண்டவங்க அனுப்பறத இனிமே படிக்காதீங்க. நம்ம வூட்டுக்குன்னு நானே ஒரு செய்தி ரீடர் வெக்கிறேன். நாம சொல்ற எடத்துலேர்ந்து மட்டும்தான் சேதி வரும். பொய்ச் சேதியே வராது" என்றேன்.

"பொய்யே வராதா?"

"வரவே வராது மாமா."

இந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

லேப்டாப்பை நெல் மூட்டை அறையில் ஒரு ஸ்டூல் மேல் வைத்தேன். ரீடரைக் கன்டெய்னரில் ஓடவிட்டேன். கன்டெய்னர் என்றால் லாரியில் போகும் இரும்புப் பெட்டி இல்லை. ஒரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் சேர்த்து ஒரே டப்பாவில் அடைத்து ஓடவிடுகிற ஏற்பாடு. பழைய டப்பாவைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது டப்பா வைப்பது ஐந்து நிமிட வேலை. ஒரே ஒரு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். சேர்த்து வைத்த தகவலை டப்பாவுக்கு வெளியே தனி இடத்தில் வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் டப்பாவோடு அதுவும் குப்பைக்குப் போகும். கம்பெனியில் இதைப் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாடம் எடுப்பதே நான்தான்.

மழை நிலவரம், நெல் கொள்முதல், கோயில் விசேஷம், சங்கத்தின் வலைத்தளம் என்று மாமா கேட்டதையெல்லாம் ரீடரில் சேர்த்தேன். அவர் இன்னும் ஒன்று கேட்டார்.

"சாவு சேதி மட்டும் லேட்டாவக் கூடாதும்மா. கல்யாணத்துக்குப் போவலன்னா மறந்துடுவாங்க. சாவுக்குப் போவலன்னா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

சங்கத் தளத்தில் 'இரங்கல்' பகுதியில் புதிதாக எது வந்தாலும், அது உடனே மாமா பெயரில் சங்கத்தின் போன் குரூப்புக்குத் தானாகவே போகும்படி எழுதி வைத்தேன். மாமாவுக்கு அதில் பெரிய பெருமை.

சில மாதம் கழித்து ரீடரின் புதுப் பதிப்பு வந்தது. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கம்பெனியாக இருந்தால் முதலில் எல்லாவற்றையும் பிரதி எடுத்திருப்பேன். நம் வீட்டு டப்பாதானே என்று பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைத்தேன். ரீடர் துடைத்துவிட்ட பலகை மாதிரி காலியாகத் திறந்தது. தகவலை வெளியே வைக்க மறந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. போனால் போகிறது, படித்து முடித்த பழைய செய்திகள்தானே என்று தள முகவரிகளையும் இரங்கல் விதியையும் மறுபடி சேர்த்துவிட்டுத் தாளிக்கப் போய்விட்டேன்.

புது ரீடருக்கு முன்கதை எதுவும் தெரியாது. தளங்களில் இருந்ததையெல்லாம் இன்றைக்கு வந்த சேதி என்று எடுத்துக்கொண்டது. சங்கத் தளத்தில் யாராவது எழுதுவதே அபூர்வம். அதனால் போன வருடத்துச் செய்தி ஒன்று இன்னும் மேலேயே இருந்தது. 'நம் முன்னாள் மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஏகாம்பரம் காலமானார்.' அவர் மாகறல் ஏகாம்பரம். வெளியூரில் வாழ்ந்து அங்கேயே இறந்தவர், பலருக்கு அவரைத் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்தவர் எங்கள் ஊர் ஏகாம்பரம். அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்தான். மாமாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். மூச்சிரைப்பு முற்றி, அப்போது காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

மாமா நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன் ஒலித்தது. தன் பெயரில் போன செய்தியைத் தானே படித்தார். பிட்ட இட்லி கையிலேயே இருந்தது.

"ஏகாம்பரம் பூட்டான்" என்றார்.

"நேத்து கஞ்சி குடிச்சாருன்னு சேகரு சொன்னானே" என்றார் அத்தை. சேகர் ஏகாம்பரத்தின் மகன், ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருந்தவன். மாமா அவனுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டார். எடுக்கவில்லை.

"இந்த நேரத்துல அவன் எங்க போன் எடுப்பான்" என்று சொல்லிவிட்டு மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நானும் அழுதேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை. மாமா உப்புச் செய்தியை நம்பியதை விட அதிகமாக என் டப்பாவை நான் நம்பினேன்.

ஏகாம்பரம் சார் வீடு இரண்டு தெரு தள்ளி. நாங்கள் மாலையோடு போவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஷாமியானாவுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி செல்லம்மா பின்பக்கக் குழாயடியில் பாத்திரம் துலக்கிவிட்டுச் சத்தம் கேட்டு வெளியே வந்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்ததால் ஒருவரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. உறவுக்காரப் பெண் ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள்.

"யாருக்கு இன்னா ஆச்சி? இன்னாத்துக்கு அழுவுற?" என்று செல்லம்மா கேட்டார். பிறகு மாமா மாலையோடு அழுதுகொண்டு வருவதைப் பார்த்தார். கையிலிருந்த குண்டான் விழுந்தது. அவரும் விழுந்தார். வாசல்படி விளிம்பு நெற்றியைப் பிளந்தது. ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என் துப்பட்டாவால் அழுத்திப் பிடித்தேன். துப்பட்டா நனைந்துகொண்டே இருந்தது.

அப்போது மாமாவின் போன் அடித்தது. சேகர். காது மந்தம் என்பதால் மாமா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"இன்னா சித்தப்பா, இத்தினி தபா போன் போட்டுக்கீறீங்க? டாக்டர் வந்திருந்தாரு, எடுக்க முடியல."

"எப்ப எடுத்துகினு வர?"

"எத?"

"அப்பாவ."

"நாளன்னிக்கு வுட்டுடறேன்னு சொல்லிக்கீறாங்க. தோ, நாஷ்டா துன்னுகினு கீறாரு. பேசறீங்களா?"

இருமல் சத்தம் ஒன்று கேட்டது. அதற்குப் பின்னால், "இன்னாடா, காலங்காத்தால?" என்று ஏகாம்பரம் சாரின் குரல்.

மேளக்காரர்கள் வைக்கோல் நெருப்பை மிதித்து அணைத்தார்கள். ஒப்பாரி பாதியில் நின்றது. எல்லோரும் போனை எடுத்து, சேதி யாரிடமிருந்து வந்தது என்று பார்த்தார்கள். பிறகு மாமாவைப் பார்த்தார்கள். மாமா என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"பழைய டப்பாவ எடுத்துட்டுப் புது டப்பா வெச்சேன் மாமா. அது பழைய சேதிய எல்லாம் புதுசுன்னு நெனச்சிகிச்சு."

மாலையோடு நின்ற ஒரு பெரியவர் கேட்டார். "அப்ப செத்தது யாரு?"

"மாகறல் ஏகாம்பரம்."

"அவரு போன வருசமே செத்துட்டாரே."

"ஆமாங்க."

"அவர இன்னாத்துக்கு மறுபடியும் சாவடிச்ச?"

கம்பெனியில் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

சாவுக்கு வாங்கிய மாலையை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார்கள். எல்லாவற்றையும் மதில் மேல் போட்டுவிட்டுப் போனார்கள். ஆடுகள் வந்து தின்றன. நான் செல்லம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போய்த் தையல் போட்டு அழைத்து வந்தேன். திட்டுவார் என்று வழி முழுவதும் காத்திருந்தேன். அவர் என் துப்பட்டாவை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஏகாம்பரம் சார் வீடு திரும்பியதும் மாமா என்னை மன்னிப்புக் கேட்க அழைத்துப் போனார். சாருக்கோ வேறு கவலை.

"யார் யாருடா வந்தாங்க?"

மாமா வரிசையாகச் சொன்னார்.

"நம்ம கிளாசு கோயிந்தன்?"

"வரல."

"நெனச்சேன்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க வெகுநேரமானது. பிறகு என்னிடம், "உம்மேல கோவமில்லம்மா. ஆனா இவ நெத்தியப் பாரு" என்றார். பார்த்தேன். அதற்குப் பதில் அவர் திட்டியே இருக்கலாம்.

அடுத்த மாதமே அவர் இறந்துவிட்டார். இந்த முறை உண்மையாகவே. விடிந்ததும் மாமா தன் கையாலேயே தட்டச்சு செய்து குரூப்பில் போட்டார். முதலில் வந்த பதில் ஒரு சிரிக்கிற மூஞ்சி. அடுத்தது, 'மருமக மறுபடியும் டப்பா மாத்திட்டாங்களா?' அதற்கும் கீழே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள். ஷாமியானாக்காரர், "நல்லா விசாரிச்சுட்டுச் சொல்லுங்க, வரேன்" என்று போனை வைத்தார். வாசலில் வந்து நின்றவர் கோவிந்தன் மட்டும்தான். அவரிடம் ஸ்மார்ட்போன் கிடையாது. பால் ஊற்ற வந்த ஆள் சொல்லித் தெரிந்துகொண்டாராம்.

நான் ஸ்கூட்டியை எடுத்தேன். மாமா பின்னால் உட்கார்ந்தார். தெருத் தெருவாகப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் மாமா இறங்கி நின்று, "நெஜமாவே பூட்டான்பா. தொட்டுப் பாத்துட்டுதான் வரேன்" என்று சொன்னார். தன் சிநேகிதன் செத்ததை அவர் அன்றைக்கு வீடு வீடாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. கேட்டவர்கள் அதோடு விடாமல் என் முகத்தையும் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் செருப்பைத் தேடினார்கள்.

எடுக்கும்போது ஓரளவு கூட்டம் சேர்ந்திருந்தது. முதல் தடவை மாலையோடு ஓடிவந்த பலர் இந்தத் தடவை இல்லை. செல்லம்மா உடலுக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பெண்கள் தோளைத் தொட்டு, "அழுதுடும்மா" என்றார்கள்.

"இவருக்கு நான் அன்னிக்கே அழுதாச்சி" என்றார் அவர்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். அதற்குமேல் உள்ளே போகவில்லை.

லேப்டாப் இன்றும் ஓடுகிறது. இரங்கல் விதியை அழித்துவிட்டேன். தகவல் டப்பாவுக்கு வெளியே இருக்கிறது, தினமும் பிரதி எடுக்கிறேன். படிக்கிற ஒரே ஆள் நான். மாமா பழையபடி கண்டவர்கள் அனுப்புவதைப் படிக்கிறார், என்னால் வாய் திறக்க முடிவதில்லை. யார் போன துக்கச் செய்தி வந்தாலும் அத்தை சமையலறையிலிருந்து, "நெஜ சாவா, டப்பா சாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பை அணைப்பார். இப்போது ஊரிலும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

செல்லம்மா எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றையும் விடுவதில்லை. என் மகளுக்குக் காது குத்தியபோதும் முதல் ஆளாக வந்தார். புது உறவுக்காரர்கள் யாராவது அகப்பட்டால் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார்.

"எனக்குப் புருசன் ஒருத்தருதான். சாவு மட்டும் ரெண்டு. மொதல் சாவு இந்தப் பொண்ணு வெச்சது" என்று தொடங்கி, நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டி முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் நின்றால், புரியவில்லையோ என்று முதலிலிருந்து மறுபடி சொல்வார்.