டேங்கோ ஆடியவர்கள் பின்வாசல் வழியாக ஓடியது குறித்து

சாத்தூர்,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் அன்பும் மரியாதையும் மிகுந்த சுந்தர்ராஜ் மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை மகள் ஆஷ்லின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். தாங்களும் சுகமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி மைக் இல்லாமலே என்னைத் திட்டினீர்கள். ஒரு நர்ஸாகச் சொல்கிறேன், உடம்புக்கு முடியாதவர்களின் நுரையீரல் அப்படி வேலை செய்யாது. ஞானஜோதி அத்தைக்குக் குதிகால் வலி எப்படி இருக்கிறது? இரண்டு நாளாக வெறுங்காலோடு கடைக்குப் போய்வருகிறார்கள் என்று அம்மா சொன்னாள். நல்லதாக ஒரு செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

போனில் பேசலாம் என்றால் என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். நேரில் வந்தால், "எதுவா இருந்தாலும் எழுத்து மூலமாக் கொடு" என்று கதவைச் சாத்திவிட்டீர்கள். ஹெட்மாஸ்டராக ரிட்டயர் ஆனவர், சபை மண்டபத்துக்குச் செயலாளர், அதற்கு மேல் எனக்குத் தாய்மாமன். மூன்று பதவிக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுகிறேன். போன சனிக்கிழமை நீங்கள் பூட்டி எடுத்துக்கொண்டு போன மண்டபச் சாவி எனக்கு வேண்டும். வருகிற சனிக்கிழமைக்குள் வேண்டும். தீபாவளிக்குப் பிறகு மூடின பட்டாசு கம்பெனிகளை எல்லாம் திங்கட்கிழமை திறக்கிறார்கள். திறந்துவிட்டால் அங்கே வேலை பார்க்கிற எங்கள் ஆட்களுக்கு அடுத்த தீபாவளி வரைக்கும் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. விடிந்தால் கம்பெனி வேன், பொழுது அடைந்தால் தூக்கம். ஆடுவதற்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு சனிக்கிழமைதான்.

உங்கள் குற்றச்சாட்டு என்ன? ஆம்பளையும் பொம்பளையும் கட்டிப்பிடித்தார்கள் என்றீர்கள். பிடித்தார்கள். ஜோடி மாற்றி மாற்றி ஆடினார்கள் என்றீர்கள். மாற்றினார்கள், டேங்கோவில் அதுதான் வழக்கம். ஆனால் ஒரே ஒரு கேள்வியில் என்னை மடக்கிவிட்டதாக நினைத்து நின்றீர்களே, "தப்புப் பண்ணாதவன் எதுக்கு ஓடுறான்? பின்வாசல் வழியா எதுக்கு ஓடுறான்?" என்று, அதற்குத்தான் இந்தக் கடிதம். அவர்கள் ஏன் ஓடினார்கள் என்று கேட்டால் நீங்களே சாவியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வருவீர்கள்.

முதலில் தங்கத்தாயைப் பற்றிச் சொல்லவேண்டும். அச்சங்குளத்துக்காரி. போன சீசனில் அவள் வேலை பார்த்த அறை வெடித்து, நான் வேலை பார்க்கும் சிவகாசி ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டுக்கு வந்து சேர்ந்தாள். காயம் ஆறிவிட்டது, ஆனால் கக்கத்துத் தோல் சுருங்கிக் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. தினம் கையைத் தூக்கிப் பழக வேண்டும். தூக்கச் சொன்னாலே வார்டு அதிர அழுவாள். பெங்களூரில் வேலை பார்த்தபோது ஞாயிறு லீவுகளில் நான் டேங்கோ கற்றுக்கொண்டது உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்போதே பெங்களூர் ஸ்டேஷனுக்கே வந்து பிடித்திருப்பீர்கள். ஒருநாள் பொறுமை போய், அவள் கையை எடுத்து என் தோளில் போட்டு, போனில் ஒரு டேங்கோ பாட்டை வைத்து, வார்டு வராந்தாவில் அவளைப் பின்பக்கமாகவே நடக்க வைத்தேன். அழவில்லை. "இது எந்த ஊரு ஆட்டம் சிஸ்டரு?" என்றாள். அர்ஜென்டினா என்றேன். "அங்கன பட்டாசு உண்டா?" என்றாள். தெரியாது என்றேன். "இருக்காது. இருந்தா இம்புட்டு நிதானமா ஆட மாட்டாக" என்றாள். கை எழும்ப ஆரம்பித்தது இந்த ஆட்டத்தில்தான் மாமா. நீங்கள் பார்த்துப் பதறிய அந்தக் கட்டிப்பிடி, தோளில் கையைப் போட்டு நிற்கிற நிலை, அவளுக்கு வைத்தியம்.

தீபாவளி முடிந்து கம்பெனி மூடியதும் அவள் புருஷன் சோணைமுத்துவையும் தெருவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அத்தனை பேரை நான் எங்கே கொண்டு போவேன்? "நடைப்பயிற்சி முகாம்" என்று எழுதிக் கொடுத்து உங்களிடம் மண்டபம் வாங்கினேன். பொய் இல்லை. டேங்கோ என்றால் இரண்டு பேர் நெஞ்சோடு நெஞ்சு சாய்ந்து நடப்பது. வாயால் சொல்லக்கூடாது, கையால் இழுக்கக்கூடாது. முன்னால் வருகிறவர் எந்தப் பக்கம் போகப்போகிறார் என்பதை அவர் நெஞ்சு திரும்புவதை வைத்தே பின்பக்கமாகவே காலெடுத்து வைத்துப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும். வேண்டுமானால் கண்ணை மூடிக்கொள்ளலாம். அதைச் சொன்னதும் தங்கத்தாய், "கண்ணை மூடிக்கிட்டு, எங்க கூட்டிட்டுப் போறான்னு கேக்காம, பின்னாலயே போகணும். அம்புட்டுத்தான? கம்பெனியில அதைத்தான் பண்ணுதோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்து, நின்று, மறுபடி வந்தது.

ஆனால் மாமா, முதல் நாள் நான் வாயைத் திறந்த உடனேயே வகுப்பு முடிந்திருக்கும். "பாதத்தைத் தரையை விட்டு எடுக்காம, தேய்ச்சுத் தேய்ச்சு நடங்க" என்றேன். டேங்கோவுக்கு அதுதான் அழகு. ஒருத்தரும் அசையவில்லை. சோணைமுத்து அண்ணன் வெடிமருந்து கலக்கிற அறையில் வேலை பார்க்கிறவர். அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "தேய்க்கவா? ஏன் சிஸ்டரு, வார்டுல கட்டுப் போட ஆள் பத்தலையா?" என்றார். அவர் அறையில் எதையும் தேய்க்கவும் கூடாது, தரையில் இழுக்கவும் கூடாது, உரசினால் பிடித்துக்கொள்ளும். அது அவர் காலுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது. "அண்ணே, இது சபை மண்டபம், வெறும் சிமெண்டுத் தரை" என்றேன். "அது நமக்குத் தெரியுது சிஸ்டரு, காலுக்குத் தெரியணும்லா?" என்றார். ஆக, எல்லோரும் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து, பாயில் தூங்குகிற பிள்ளைகளைத் தாண்டிப் போகிற மாதிரி டேங்கோ ஆடினார்கள். அர்ஜென்டினாக்காரர் யாராவது பார்த்திருந்தால் ஆட்டத்தையே விட்டிருப்பார். நான் மேடைப் படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

அதோட விட்டுச்சா? பழைய டேங்கோ பாட்டுக எல்லாம் முடியும்போது டண், டண்னு ரெண்டு வெட்டு வெட்டி நிக்கும். முதல் பாட்டு அப்படி முடிஞ்சதும் திரும்பிப் பார்க்கிறேன், மண்டபத்துல ஒரு ஈ காக்கா இல்லை. நான் மட்டும் காத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அம்புட்டுப் பேரும் வெளியே சைக்கிள் ஸ்டாண்டுல காதைப் பொத்திக் குத்தவச்சிருக்காக. தங்கத்தாய்தான் முதல்ல தலையை நீட்டுனா. "சிஸ்டரு, பாட்டு முடிஞ்சிருச்சா, வெடிச்சிருச்சா?"

அப்புறம் புருஷன் பொண்டாட்டி நேருக்கு நேர் நிக்கணும்னதும் பட்ட பாட்டை நீங்க பார்த்திருக்கணும். தங்கத்தாய் அவரை அண்ணாந்து பார்த்து, "இந்த மனுசனுக்குக் காதுல இம்புட்டு முடியா!" அப்படின்னா. "இருபது வருசமா உன் கண்ணு எங்கன இருந்துச்சு?" அப்படின்னார் அவர். "தரையிலதான். திரி சுத்துறவ உன் மூஞ்சியைப் பார்த்தா விரல் போயிரும்லா." இதைச் சொல்லிட்டு ரெண்டு பேரும் வெக்கப்பட்டுக்கிட்டு நின்னாக பாருங்க, சபையில நீங்க நடத்திவச்ச எந்தக் கல்யாணத்துலயும் நான் அப்படி ஒரு ஜோடியைப் பார்த்ததில்லை.

சாதிக் பாட்சா அண்ணாச்சி எதுக்கு வந்தாருன்னும் கேட்டீக. அவருக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு, ரோட்டுல நடந்தா நாய் விரட்டுது, அதனால இங்க வந்து நடக்கிறாரு. ஸ்பீக்கர் அவருது, லட்டு மாதிரி சின்னதா இருக்கும். "அந்நிய ஆளுக்கு மண்டபத்துல என்ன வேலை"ன்னீக. சபை ஆண்டு மலருக்கு அவர் கடையில காகிதம் எடுத்தப்போ அவர் அந்நியமில்லையே.

இப்ப சனிக்கிழமைக்கு வாரேன். அன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா? கால் தேய்ஞ்சுச்சு மாமா! யாரும் சொல்லல, யாரும் கவனிக்கல, ஆடிக்கிட்டே இருக்காக, திடீர்னு மண்டபம் பூரா சர்ரு சர்ருன்னு ஒரு சத்தம். சோணைமுத்து அண்ணன் பாதம் தரையைத் தடவிக்கிட்டுப் போகுது. தங்கத்தாய் கையைத் தோளுக்கு மேல போட்டு, கண்ணை மூடியிருக்கா. எனக்கு விசில் அடிக்கணும்போல இருந்துச்சு. விரலை வாய்க்குக் கொண்டு போறேன், முன்வாசல்ல நீங்க.

நீங்க எப்படி வந்தீகன்னு யோசிச்சுப் பாருங்க. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், கண்ணாடி, பையில ரெண்டு பேனா, கக்கத்துல ஃபைல். உள்ள ஒரு அடி வச்சதும் நின்னு, ஆட்களை எண்ணுற மாதிரி ஒரு பார்வை. ஹெட்மாஸ்டர் பார்வைன்னு எனக்குத் தெரியும். அவுகளுக்கு எப்படித் தெரியும்? ஒரு அறையில நாலு பேருதான் வேலை பார்க்கணும்னு சட்டம். கம்பெனியில பதினோரு பேரை உட்கார வைப்பாக. அதிகாரி ஜீப் வருதுன்னு சத்தம் கேட்டதும் நாலு பேரு அப்படியே இருக்கணும், மிச்ச ஏழு பேரும் பின்வாசல் வழியா ஓடி ஓடைக்குள்ள உட்காரணும். எங்க ஆட்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, தூக்கத்துலயே ஓடுவாக. ஓடினாக. போதுமா? உங்க கேள்விக்குப் பதில் அம்புட்டுத்தான். பாவத்துக்குப் பயந்து ஓடல மாமா, முதலாளிக்காக ஓடிப் பழகின கால் அது.

மிச்சம் நின்னது நான், பாட்சா அண்ணாச்சி, தங்கத்தாய், சோணைமுத்து. கம்பெனியில போனுக்கும் தடை, அதனால தங்கத்தாய் அந்த ஸ்பீக்கரைத் தூக்கித் தீயணைக்கிற மணல் வாளிக்குள்ள புதைச்சிட்டா. அது உள்ளே இருந்தே பாடுது. நீங்க மேல விட்டத்தைப் பார்க்கிறீக, மேஜைக்கு அடியில பார்க்கிறீக. சோணைமுத்து அண்ணன் கையைக் கட்டி நின்னு, "நாலே பேருதான் சார், எண்ணிக்கிடுங்க" அப்படிங்காரு.

"மிச்சப் பேரு எங்கய்யா?"

"மிச்சம்னு யாரும் கிடையாது சார்."

"இப்பக் கண்ணால பார்த்தேன்யா!"

"அது பக்கத்து அறைக்காரவுக சார். கக்கூசுக்கு வந்திருப்பாக."

அவர் உங்களைக் கேலி பண்ணல மாமா. சத்தியமா அவர் அந்தக் கம்பெனியைக் காப்பாத்திக்கிட்டு இருந்தாரு.

இனிமேல் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன். தங்கத்தாயின் அறை வெடித்தபோது உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. அந்த முதலாளி போன மாதம் இதே மண்டபத்தில் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார். சாவியை நீங்கள் இரண்டு கையாலும் கொடுத்தீர்கள், வாசலில் நின்று பன்னீரும் தெளித்தீர்கள். தங்கத்தாய் அன்றைக்கும் இந்த மண்டபத்துக்கு வந்திருந்தாள், பின்பக்கம் பாத்திரம் கழுவ, சுருங்கின கையோடு. அது உங்கள் கண்ணில் படவில்லை. அவள் அந்தக் கையை ஒருவர் தோளில் போட்டதும் பட்டுவிட்டது. நெருக்கமாக இருப்பதுதான் பாவம் என்றால் நாலு பேர் அறையில் பதினோரு பேரை நெருக்கி வைத்தவரை முதலில் கூப்பிட்டு விசாரியுங்கள்.

கடைசியாக அந்தப் பச்சைச் சேலை. "கண்ணை மூடிக்கிட்டு சாய்ஞ்சு நின்னாளே, எந்த வீட்டுப் பொம்பளை அவ, வெக்கமில்லாம" என்று கேட்டீர்கள். செருப்பை விட்டுவிட்டு ஓடிப்போனதால் அந்தச் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அலுவலக அறையில் வைத்து, உரியவர் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று ஞாயிறு அறிவிப்பில் வாசித்தும் விட்டீர்கள். வருவாளா? அவளும் மற்றவர்களைப் போல உங்களை அதிகாரி என்று நினைத்து ஓடிய ஒரு ஏழைத் தொழிலாளி. விட்டுவிடுங்கள்.

சாவியை அம்மாவிடம் கொடுத்தால் போதும். கொடுக்காவிட்டால் மண்டபப் பக்கமே வரமாட்டோம், இது உறுதி. கர்த்தர் உங்கள் சர்க்கரையைக் குறைத்து, பொறுமையைக் கூட்டி, காலை மாலை உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அத்தைக்கு என் முத்தங்கள்.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
ஆஷ்லின்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது ஞானஜோதி அத்தை வெறுங்காலோட வந்தாக. கையிலிருந்து பிடுங்கி, நின்னுக்கிட்டே பூராத்தையும் வாசிச்சாக. "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா ஒரு ஆளைப் பத்தி மட்டும் பொய் எழுதியிருக்க. எனக்கு அவரு மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வராது, கீழ நீயே எழுதிரு" அப்படின்னாக. அதனால எழுதுறேன். அந்தச் செருப்பு போன கிறிஸ்துமஸுக்கு நீங்களே வாங்கிக் கொடுத்தது. அந்தப் பச்சைச் சேலையை நீங்க வாரா வாரம் கொடியில பார்க்கிறீக. முப்பது வருசமா ஒரே வீட்டுல இருந்தும் முதுகைப் பார்த்து அடையாளம் தெரியலைன்னு அவுகளுக்குக் கொஞ்சம் வருத்தம், நிறையச் சிரிப்பு. மண்டபத்தோட ரெண்டாவது சாவி உங்க வீட்டு சோம்பு டப்பாவுக்குள்ளதான் இருந்திருக்கு. இப்ப என் மேஜை மேல இருக்கு. அதனால சாவி கேட்டு நான் எழுதினது எல்லாத்தையும் அடிச்சிருங்க. சனிக்கிழமை ஆட்டம் உண்டு, அத்தைக்கு ஜோடி இன்னும் முடிவாகல. ஓடினவுக எல்லாரும் உங்களை அதிகாரின்னு நினைச்சு ஓடினாக. வாசல்ல நிக்கிறது நீங்கதான்னு தெரிஞ்சு ஓடினது அத்தை ஒருத்திதான். வாங்க மாமா. ஆனா வெள்ளைச் சட்டை வேண்டாம், ஃபைலும் வேண்டாம். செருப்பை மட்டும் கொண்டு வாங்க.